மூன்று வேகன்களின் நீளம்

பிலோமினாவைக் குரு என்று இதுவரை யாரும் சொன்னதில்லை, கலியபெருமாளைத் தவிர. பொன்மலையில் தன் வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் பிலோமினா சின்ன ரயில்கள் செய்துவந்தார். குருவுக்கு வயது முப்பத்தெட்டு, சீடருக்கு ஐம்பத்தேழு. நாலு வருடமாக ஞாயிறு தவறாமல் அரியலூர்ப் பக்கமிருந்து பஸ் ஏறி வந்து, தண்டவாளம் ஒட்டவும் பெயின்ட் அடிக்கவும் கற்றுக்கொண்டவர் கலியபெருமாள்.

அந்த ஞாயிறு மத்தியானம் அவர் ஒரு பலகையைப் பெட்ஷீட்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தார். பஸ்ஸில் கண்டக்டர், "கேரம் போர்டா பெருசு?" என்று கேட்டதற்கு ஆமாம் என்று சொல்லிவிட்டார். உண்மையைச் சொல்ல நாக்கு எழவில்லை.

பலகையில் இருந்தது அவர் வேலை பார்க்கும் சிமென்ட் ஆலையின் ரயில் பாதை. பதினெட்டு நாளைக்கு முன்னால் அந்த இடத்தில் ஒருவர் இறந்துபோனார். பெயர் பொன்னுரங்கம், மூட்டை ஏற்றுகிறவர். அவர் தண்டவாளத்தில் நின்றபோது, வேகன்களைப் பின்னால் தள்ளச் சொல்லி இன்ஜினுக்குப் பச்சைக் கொடி காட்டியவர் கலியபெருமாள்.

பக்கத்துப் பாதையில் நின்ற வேகன் மறைத்துவிட்டது, ஆள் தெரியவில்லை என்று எழுதிக் கொடுத்திருந்தார். விசாரணை அதிகாரி அதைப் படித்துவிட்டு, "நீங்க சின்ன ரயில் செய்வீங்களாமே. அந்த இடத்தை அப்படியே செஞ்சு கொண்டாங்க. மறைக்குதா இல்லையான்னு எல்லாரும் பார்த்துடலாம்" என்றார்.

மறைத்தது என்றால் தப்பு செத்தவர் மேல் போகும். மறைக்கவில்லை என்றால் கலியபெருமாள் மேல் வரும், ஜெயில் வரைக்கும் போகலாம். விசாரணை நாளைக் காலை பத்து மணிக்கு. அவருக்கு நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை.

"என்னண்ணே, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு?" என்றார் குரு.

கலியபெருமாள் விபத்தையும் நாளைய விசாரணையையும் சொல்லிவிட்டு, பலகையைப் பிரித்து மேஜையில் வைத்தார். சட்டைப் பையிலிருந்து மூன்று வேகன்களை எடுத்தார். மூன்றும் ஒரே வகை வேகன். செய்த கம்பெனிதான் வேறு வேறு.

"மூணு அட்டைப்பெட்டியிலயும் நிஜ வேகன்ல எண்பத்தேழுல ஒரு பங்குன்னுதான் போட்டிருக்கு, டீச்சர். அளந்து பார்த்தா ஒண்ணுக்கொண்ணு ஒத்துவரல."

குரு வெர்னியர் அளவுகோலை எடுத்து அளந்தார். ஒன்று நூற்று இருபத்தொன்பது மில்லிமீட்டர். ஒன்று நூற்று இருபத்து மூன்று. மற்றது நூற்றுப் பதினேழு. குருவுக்கு இதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. பார்க்கக் கம்பீரமாக இருக்கட்டும் என்று ஒரு கம்பெனி இழுத்துவிடும். சின்ன அறைக்குள் போடும் பாதையின் வளைவில் திரும்ப வேண்டுமே என்று இன்னொன்று குறுக்கிவிடும். அட்டைப்பெட்டியில் மட்டும் எல்லாரும் யோக்கியர்கள்.

"இப்ப பாருங்க" என்று கலியபெருமாள் மஞ்சள் தொப்பி போட்ட ஒரு பொம்மையைத் தண்டவாளத்தில் நிறுத்தினார். நீள வேகனைப் பக்கத்துப் பாதையில் வைத்தார். கொடி காட்டும் இடத்திலிருந்து குனிந்து பார்த்தால் பொம்மை தெரியவில்லை. அதை எடுத்துவிட்டுக் குட்டை வேகனை வைத்தார். தொப்பியிலிருந்து செருப்பு வரை முழு ஆளும் தெரிந்தது. நடு அளவை வைத்தபோது பாதி ஆள் தெரிந்தது.

வேகனை எடுக்கும்போது அவர் கை பட்டுப் பொம்மை விழுந்துவிட்டது. அது விழுந்ததைப் பார்க்கவே அவருக்குப் பயமாக இருந்தது. அவசரமாக எடுத்து நிறுத்தினார்.

"இதுல எது சரியான அளவு, டீச்சர்?"

"நிஜ வேகன் எத்தனை மீட்டர்?"

கலியபெருமாள் நடு வேகனை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"முப்பத்தொரு வருஷமா அது பக்கத்துலயே நிக்கிறீங்க. தெரியாதா?"

"தெரியும். நடுவுல உள்ளதுதான் சரி."

"அப்புறம் என்கிட்ட ஏன் கேக்குறீங்க?"

"அதை வெச்சா பாதி ஆள் தெரியுதே, டீச்சர். பார்த்திருக்கலாம்னும் சொல்லுவாங்க, பார்த்திருக்க முடியாதுன்னும் சொல்லுவாங்க. பாதியில தொங்க என்னால முடியல." அவர் நீள வேகனை எடுத்து குருவின் பக்கம் நகர்த்தினார். "இதுதான் சரின்னு நீங்க ஒரு சீட்டு எழுதிக் குடுங்க. உங்க பேச்சுக்கு மதிப்பு இருக்கு. ஆறு மில்லிமீட்டர் டீச்சர், ஒரு நெல்லு அளவு. யாருக்குத் தெரியப்போவுது?"

கேட்டுவிட்டாரே தவிர, கேட்ட வாய் அவருக்கே கசந்தது. குரு கோபப்படுவார், எழுந்து போகச் சொல்லுவார் என்று காத்திருந்தார். குரு கோபப்படவில்லை.

"சரிண்ணே. இதையே வெச்சுக்குவோம்."

நீள வேகனைக் குருவே எடுத்துப் பக்கத்துப் பாதையில் வைத்தார். முனையை விரலால் தட்டிச் சரிசெய்தார். மஞ்சள் தொப்பி மறைந்தது. பதினெட்டு நாளில் முதல் தடவையாகக் கலியபெருமாளுக்கு மூச்சு முழுதாக வந்தது.

குரு பலகையைச் சுற்றி வந்து பார்த்தார். "நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க. ஜல்லிகூடத் தத்ரூபமா இருக்கு. இன்ஜின் இருக்கு, வேகன் இருக்கு, செத்துப்போனவர் இருக்காரு. ஒரு ஆளை மட்டும் காணோம்."

"யாரை?"

"உங்களை."

கலியபெருமாள் பலகையைப் பார்த்தார். கொடி காட்டும் இடம் வெறுமையாக இருந்தது. ஒன்பது நாள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு செய்திருந்தார். கேன்டீன் கதவுக்குத் தாழ்ப்பாள்கூட வைத்திருந்தார். தன்னை வைக்க அவருக்குத் தோன்றவே இல்லை.

குரு தகர டப்பாவைத் திறந்து, கையில் கொடி பிடித்த ஒரு பொம்மையை இடுக்கியால் எடுத்தார். கொடியில் ஒரு சொட்டு பச்சை பெயின்ட் வைத்தார். பிறகு பொம்மையின் காலடியில் பசை தடவினார்.

"பசை காயறதுக்குள்ள சொல்லுங்கண்ணே. முகத்தை எந்தப் பக்கமா வைக்கட்டும்?"

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கலியபெருமாளுக்கு முதுகு முழுக்க வியர்த்துவிட்டது. இதை அவர் அதிகாரியிடம் சொல்லவில்லை, பெண்டாட்டியிடம் சொல்லவில்லை. நாலு சுவருக்குள் தனியாக இருக்கும்போதுகூடத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டதில்லை. எழுந்து பஸ் ஸ்டாண்டுக்கு ஓடிவிடலாமா என்று இருந்தது.

குரு அவசரப்படுத்தவில்லை. பொம்மையோடு இடுக்கியை அவரிடம் நீட்டினார்.

கலியபெருமாள் வாங்கினார். பொம்மையை அதன் இடத்தில் வைத்தார். முகம் முதலில் தண்டவாளத்தைப் பார்த்துத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் அப்படியே விட்டார். அப்புறம் மெதுவாகத் திருப்பினார். முகம் தண்டவாளத்தை விட்டு, இன்ஜினையும் விட்டு, கேன்டீன் பக்கம் போய் நின்றது.

"நாலு மணி டீ வர்ற நேரம்" என்றார். "கேன் வருதான்னு பார்த்தேன், டீச்சர். கை மட்டும் கொடியை ஆட்டிக்கிட்டிருந்தது."

பசை காய்ந்துகொண்டிருந்தது.

கலியபெருமாள் நீள வேகனைப் பலகையிலிருந்து எடுத்தார். மூன்றையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"நாளைக்கு இதுல எதை வைக்கட்டும், டீச்சர்?"

"எதை வேணா வைங்கண்ணே. இனிமே மூணும் ஒரே நீளம்தான்."