குறுக்கே நீட்டிய கால்

"கடல் ஊருக்குள்ள வருது சாமி. நிறுத்த வழி சொல்லுங்க."

கேட்டவர் நடுக்குப்பத்துத் தலைவர் கலியமூர்த்தி. கரையில் குடிசை போட்டிருந்த சாமியாருக்கு அவர் மகன் வயதுதான் இருக்கும்.

"எதுவரைக்கும் வந்துடுச்சு?"

"முதல் தெரு முழுசா போச்சு. அடுத்தது என் வீடு. எல்லாம் தெக்குக்குப்பத்தானால. கடலுக்குள்ள கல்லைக் கொட்டி மண்ணை மறிச்சுக்கிட்டான். வடக்க வரவேண்டிய மண்ணு அங்கயே நின்னுடுச்சு."

"போய்க் கேட்டீங்களா?"

"கேட்டேனே!"

தலைவர் வயிற்றைத் தள்ளினார். தாடையைச் சொறிந்தார். தெற்குக்குப்பத்துத் தலைவராகவே ஆகிவிட்டார். மூக்கால் பேசினார்:

"'அதுக்கு நாங்க என்னாங்க பண்றது? நீங்க கொஞ்சம் தள்ளிப் போயிக்கங்களேன்!'"

அச்சு அசல். சாமியாருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"நாளைக்கு மறியல் சாமி. எங்க ஊருக்கும் கல்லு கொட்டணும். நல்ல வாக்கு குடுங்க."

"வாங்க, உட்காருவோம்."

அலை தொடும் இடத்தில் உட்கார்ந்தார்கள். சாமியார் தெற்கே, தலைவர் வடக்கே. சாமியார் அலைக்குள் ஒரு காலை நீட்டினார்.

சர்ர்ர். தொப். சர்ர்ர்.

சாமியார் காலோரம் மணல் குவிந்தது. தலைவருக்கு அடியில் குழி விழுந்தது. வேட்டியோடு சரிந்தார்.

"ஐயோ, காலை எடுங்க சாமி!"

"நீங்களும் நீட்டுங்க."

நீட்டினார். அலை வந்தது, போனது, வந்தது. கணுக்காலை மணல் மூடியது. முழங்காலுக்கு ஏறியது.

"அட, நிக்குது! சாமி, மண்ணு நிக்குது!" கை தட்டினார்.

"வாக்கு குடுத்தாச்சு," என்றார் சாமியார்.

அப்போது, சாப்பிடக் கூப்பிடத் தலைவரின் மகள் செல்லக்கிளி வந்தாள். வடக்கே அடுத்த ஊரான வடக்குக்குப்பத்தில் கட்டிக்கொடுத்த பெண்; அப்பா வீட்டுக்கு வந்திருந்தாள். அவள் வீடும் கடலோரம்தான். இடுப்பில் பிள்ளையோடு அப்பாவுக்கு வடக்கே வந்து நின்றாள்.

சர்ர்ர். தொப்.

"அப்பா, என் காலடி மண்ணு போவுதுப்பா. காலை எடேன்!"

தலைவர் மகளைப் பார்த்தார். பிள்ளையைப் பார்த்தார். முழங்காலை மூடிய மணலைப் பார்த்தார்.

காலை எடுக்கவில்லை.

"அதுக்கு நான் என்னாம்மா பண்றது?" என்றார். "நீ கொஞ்சம் தள்ளி நின்னுக்கயேன்."

அச்சு அசல் அதே மூக்குக் குரல்.

சாமியார் சிரிக்கவில்லை.