பதினெட்டு வருஷச் சரக்கு

மலைமேல் பெரிய மனிதர்களுக்கென்று ஒரு கிளப். அங்கே சவரிமுத்து பதினெட்டு வருஷமாகச் சரக்கு பரிமாறும் பேரர். பதினோரு மாதத்துக்கு ஒருமுறை அவரை ஒரு நாள் நிறுத்திவிட்டு, மறுநாள் புது ஆள் மாதிரி சேர்த்துக்கொள்வார்கள். ஒரு வருஷம் முழுசாக ஓடிவிட்டால் நிரந்தரம் கேட்பாரே!

ஒருநாள் காலையில் கேட்டேவிட்டார். கிளப் தலைவர் விஸ்வேஸ்வரன் சிரித்தார்.

"நடுவுல ஒரு நாள் விட்டுப்போனா முந்தின வருஷமெல்லாம் செல்லாதுய்யா. விட்டுப்போகாம ஒரு வருஷம் காட்டு, நாளைக்கே நிரந்தரம்."

அன்று சாயங்காலம், தொழிலாளர் கோர்ட்டில் நீதிபதியாக இருந்து ரிட்டயரான ஒருவர் விருந்தாளியாக வந்தார். தலைவர் ஸ்காட்ச் புராணத்தை எடுத்துவிட்டார்.

"ஒண்ணுல புகை வாசம் வரும், ஒண்ணுல தேன், ஒண்ணுல கடல் உப்பு. இது எல்லாத்துக்கும் ராஜா சார். ஓக் பீப்பாயில பன்னிரண்டு வருஷம், அப்புறம் ஒயின் பீப்பாய்க்கு மாத்தி ஆறு வருஷம். மொத்தம் பதினெட்டு!"

ஊற்றிக்கொண்டிருந்த சவரிமுத்துவின் கை நின்றது.

"பீப்பாய் மாத்தினப்போ ஒரு நாள் வெளியே இருந்திருக்குமே சார்?"

"இருந்திருக்கும். அதுக்கென்ன?"

"அப்போ முதல் பன்னிரண்டு செல்லாதே. நம்ம கிளப் சட்டப்படி இது ஆறு வருஷச் சரக்குதான். ஐயாகிட்ட பதினெட்டுன்னு சொல்லலாமா?"

"முட்டாள்! அத்தனை வருஷமும் அதுக்குள்ளதானேடா இருக்கு!"

"அதைத்தான் சார் காலையில நானும் கேட்டேன்."

தலைவர் முகம் கறுத்தது. நீதிபதிக்கு விஷயம் புரிந்துவிட்டது. "நல்லா கேட்டான்யா!" என்று விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, காலி கிளாஸை நீட்டினார்.

மறுநாள் சவரிமுத்துவுக்கு வழக்கமான ஒரு நாள் பிரேக் கொடுத்தார்கள். அந்த ஒரு நாள் இன்னும் முடியவில்லை.