இன்னைக்கு யாரு கடைசி?

சொர்ணம் டீச்சரிடம் கேள்வி கேட்டால் பதில் வராது. வேலை வரும்.

இது தெரியாமல்தான் ஜெர்லின் கேட்டாள். உடற்கல்விக் கல்லூரியிலிருந்து அந்தப் பெண்கள் உயர்நிலைப் பள்ளிக்குப் பயிற்சிக்காக வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. கழுத்தில் விசில், கையில் ஸ்டாப் வாட்ச், தலை நிறையப் பாடம். பாவம், அவளைக் குறை சொல்ல முடியாது.

பள்ளியில் ஓட்டக் கிளப் என்று ஒன்று உண்டு. பன்னிரண்டு பெண்கள். சாயங்காலம் நாலரை மணிக்கு மைதானத்தை எட்டுச் சுற்று ஓடுவார்கள். எல்லாம் வெறுங்கால். அதனால் சொர்ணம் டீச்சர் அரை மணி முன்னதாகவே வந்து, குனிந்து நெருஞ்சி முள் பொறுக்குவார். இந்த வயதில் இடுப்பு எப்படி இவ்வளவு வளைகிறது என்று யாராவது கேட்டால், "நீயும் ரெண்டு பொறுக்கு" என்பார்.

கிளப்பில் ஒரே ஒரு சட்டம். ஓடி முடித்தவள் உட்காரக் கூடாது. கோட்டருகே நின்று, கடைசி ஆள் வந்து சேரும் வரை கை தட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் தண்ணீர், சுண்டல் எல்லாம்.

அந்தக் கடைசி ஆள் என்றைக்கும் இசக்கியம்மாள்தான். இப்போது பத்தாம் வகுப்பு. கிளப்பில் சேர்ந்து மூன்று வருஷம். முதல் ஆளாக வரும் கனகவல்லி, அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்தவள் போல ஓடுவாள். இசக்கி கடைக்கு உப்பு வாங்கப் போகிறவள் போல ஓடுவாள். மற்ற எல்லாரும் முடித்து நிற்கும்போது அவளுக்கு இன்னும் ஒரு சுற்று மிச்சமிருக்கும்.

"டீச்சர், ஒண்ணு கேக்கலாமா?" என்றாள் ஜெர்லின்.

"கேளு."

"இசக்கிக்காகத் தெனமும் நாலு நிமிஷம் எல்லாரும் நிக்க வேண்டியிருக்கு. ஓட்டம் அவளுக்கு வராது டீச்சர். அவளை எடுத்துட்டா மத்த பிள்ளைங்க இன்னும் நல்லா வரும்லா?"

டீச்சர் கையிலிருந்த முள்ளை டப்பாவில் போட்டார்.

"ரெண்டு வாரம் கிளப்பை நீ பாத்துக்கோ. நான் முள்ளு பொறுக்குதேன்."

அன்றைக்கே ஜெர்லின் இசக்கியைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"நாளையிலேருந்து நீ வரவேண்டாம்மா. பத்தாங்கிளாஸ் வேற. உக்காந்து படி."

"சரி மிஸ்" என்றாள் இசக்கி. பையை எடுத்துக்கொண்டு போனாள். சுண்டல் வாங்கவில்லை.

மறுநாள் நாலு நிமிஷம் ஒன்றரை நிமிஷமாகக் குறைந்தது. ஜெர்லினுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மைதானம் காலியானதும் சொர்ணம் டீச்சர் வந்தார்.

"இன்னைக்கு யாரு கடைசி?"

"முத்துச்செல்வி, டீச்சர்."

"ம்" என்றுவிட்டு டீச்சர் வீட்டுக்குப் போனார்.

முத்துச்செல்வி எட்டாம் வகுப்பு. இத்தனை நாளும் கடைசிக்கு முந்தி, சிரித்துக்கொண்டே வந்தவள். இரண்டாம் நாளும் அவள்தான் கடைசி. சட்டப்படி எல்லாரும் கை தட்டினார்கள். அவள் கோட்டைத் தொட்டதும் ஜெர்லின் மேல் சாய்ந்து அழுதாள்.

"எல்லாரும் நின்னு பாக்காங்க மிஸ்."

மூன்றாம் நாள் அவளுக்கு வயிற்று வலி.

"இன்னைக்கு யாரு கடைசி?"

"ரஹ்மத்நிஷா, டீச்சர்."

அடுத்த நாளே ரஹ்மத்நிஷாவுக்கு டியூஷன் வந்துவிட்டது.

"இன்னைக்கு யாரு கடைசி?"

"பியூலா."

பியூலாவின் அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். ஒரு வாரமாகவா பார்க்கிறார்கள் என்று ஜெர்லின் எரிச்சல்பட்டாள். அவள் விசிலைப் பலமாக ஊதினாள். இன்னும் கண்டிப்பாக இருந்தாள். பெண்கள் ஒவ்வொருவராக வராமல் நின்றுபோனார்கள். எல்லாரிடமும் நல்ல காரணம் இருந்தது.

இரண்டாம் வாரம் வெள்ளிக்கிழமை ஐந்து பேர் மிச்சம்.

அன்றைக்குப் பார்த்துத் தலைமையாசிரியை வராந்தாவுக்கு வந்தார். நின்று எண்ணினார். எண்ணுவதற்கு அதிக நேரம் ஆகவில்லை.

"அஞ்சு பேருக்கு ஒரு கிளப்பா? பத்துப் பேருக்குக் குறையக் கூடாதுன்னு சொல்லித்தானே இந்த நேரத்தைக் கொடுத்தேன். திங்கக்கிழமை வந்து பாப்பேன். பத்துப் பேர் இல்லேன்னா, இது கணக்கு ஸ்பெஷல் கிளாசுக்குப் போயிரும்."

விளையாட்டு நேரத்தின் மேல் கணக்கு டீச்சருக்கு எப்போதும் ஒரு கண். ஊரில் எந்தப் பள்ளியிலும் இதே கதைதான். இந்தப் பெண்களுக்கோ ஒரு நாளில் கால் வீசி ஓட இருந்தது இந்த ஒரு மணி நேரம்தான். வீட்டுக்குப் போனால் தெருவில் யார் ஓடவிடுகிறார்கள்?

சொர்ணம் டீச்சர் டப்பாவோடு வந்தார்.

"இன்னைக்கு யாரு கடைசி?"

"செண்பகம்" என்றாள் ஜெர்லின். சொன்னவள் அப்படியே நின்றாள். "செண்பகமும் இனிமே வரமாட்டா டீச்சர்."

"அவ சொன்னாளா?"

"இல்ல. நான் உங்ககிட்ட எந்தப் பேரைச் சொல்லுதேனோ, அந்தப் பிள்ளைதான் வராம நின்னுருது. மொதல்லேருந்தே."

டீச்சர் டப்பாவை மூடினார். பிறகு கேட்டார்.

"இசக்கி எத்தனை வருஷம் கடைசியா வந்தா?"

"மூணு வருஷம்."

"எத்தனை நாளு வராம இருந்தா?"

ஜெர்லினுக்குத் தெரியும். பயிற்சிக்கு வந்த புதிதில் கிளப்பின் பழைய வருகைப் பதிவேட்டைப் புரட்டியிருந்தாள். "ஒரே ஒரு நாள். தம்பிக்குக் காதுகுத்து."

சொல்லும்போதே அவள் கண் நிறைந்துவிட்டது.

"அது எப்படி டீச்சர் அவளால முடிஞ்சுது?"

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் சொர்ணம் டீச்சர். "நான் ஓடுன காலத்துல எப்பவும் மொத ஆளு. அவகிட்டப் போய்க் கேளு."

சனிக்கிழமை பத்தாம் வகுப்புக்கு ஸ்பெஷல் கிளாஸ். மணி அடிக்கும் வரை ஜெர்லின் வகுப்பு வாசலில் நின்றாள். இசக்கி கடைசியாகத்தான் வெளியே வந்தாள்.

"இசக்கி, திரும்ப ஓட வாரியா?"

"வரல மிஸ்."

"எம்மேல கோவமா?"

"ஆமா மிஸ்." இசக்கி நேராகப் பார்த்துச் சொன்னாள். "நான் வரும்போது எல்லாரும் என்னைப் பாப்பாங்க. நீங்க மட்டும் வாட்சைப் பாப்பீங்க. வரவேண்டாம்னு சொன்ன அன்னைக்கு வீட்டுக்குப் போய் ரொம்ப அழுதேன்."

"தப்புப் பண்ணிட்டேன்மா. மன்னிச்சுக்கோ."

பதினைந்து வயதுப் பிள்ளையிடம் இப்படிச் சொல்ல எந்தப் பயிற்சிக் கல்லூரியிலும் கற்றுத் தருவதில்லை. ஜெர்லின் சொன்னாள். அதற்காகவே எனக்கு அவளைப் பிடிக்கும்.

இசக்கி பையின் வாரைத் திருகினாள்.

"முத்துச்செல்வி வாராளா மிஸ்?"

"இல்ல."

"ரஹ்மத்து?"

"இல்ல. பியூலாவும் இல்ல. அஞ்சு பேருதான். திங்கக்கிழமை பத்துப் பேர் இல்லேன்னா கிளப்பை மூடிருவாங்க."

இசக்கிக்குச் சுருக்கென்றது. "அடப்பாவமே" என்றாள். "நான் வாரேன் மிஸ். வாரேன்னு அதுககிட்டயும் சொல்லிருதேன்."

என்ன சொன்னாளோ தெரியாது. திங்கட்கிழமை மதியம் முத்துச்செல்வி ஜெர்லினைத் தேடிக்கொண்டு வந்தாள்.

"இசக்கி அக்கா நெசமாவே வாராளா மிஸ்?"

"வாரா."

"எட்டுச் சுத்தும் ஓடுவாளா?"

"ஓடுவா."

முத்துச்செல்விக்கு வயிற்று வலி அந்த நிமிஷமே விட்டது.

நாலரை மணிக்குப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். தலைமையாசிரியை வராந்தாவில் விரல் விட்டு எண்ணினார். எண்ணி முடித்த பிறகும் உள்ளே போகவில்லை.

ஜெர்லின் விசில் ஊதினாள். கனகவல்லி வழக்கம் போல முதலில் வந்து, கோட்டைத் தொட்டு, தனியாக நின்று கூந்தலை முடிந்துகொண்டாள். அப்புறம் ஒவ்வொருவராக வந்தார்கள். முத்துச்செல்வி பதினோராவதாக, பல் தெரியச் சிரித்துக்கொண்டு வந்து, திரும்பி நின்று கை தட்ட ஆரம்பித்தாள்.

இசக்கிக்கு இன்னும் ஒரு சுற்று இருந்தது.

ஜெர்லின் ஸ்டாப் வாட்சைப் பையில் போட்டாள். அவளும் கோட்டருகே போய் நின்று தட்டினாள். எதிர்க் கோடியில் வேப்பமரத்தைத் தாண்டி இசக்கி வந்துகொண்டிருந்தாள். அவசரப்படவில்லை. ஒரு இடத்திலும் நிற்கவில்லை. வளைவில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நடக்கவும் இல்லை, தலையைக் குனியவும் இல்லை. பார்க்கப் பார்க்க ஜெர்லின் இன்னும் பலமாகத் தட்டினாள். வராந்தாவிலிருந்தும் கை தட்டும் சத்தம் கேட்டது.

இசக்கி கோட்டைத் தொட்டாள். சொர்ணம் டீச்சர் தண்ணீர்ச் செம்பை நீட்டினார். அவள் அண்ணாந்து குடித்து முடிக்கும் வரை ஜெர்லின் காத்திருந்தாள்.

"இசக்கி, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். தெனமும் கடைசியா வாரது உனக்குக் கஷ்டமா இல்லையா?"

இசக்கி அந்தக் கேள்வி விளங்காதவள் போலப் பார்த்தாள். பிறகு புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"கனகவல்லி மொத ஆளா வரும்போது கை தட்ட இங்க யாரு மிஸ் இருக்கா? நாங்க எல்லாரும் ஓடிக்கிட்டுல்லா இருக்கோம். நான் வரும்போதுதான் எல்லாரும் நிக்காங்க."