புல்லைக் கழுவிய யானை

மலையடிக் காட்டில் அலங்காரி என்றொரு யானை இருந்தாள். சுத்தம் என்றால் அவளுக்கு உயிர். மகள் மொட்டு தின்னும் புல்லைக்கூட ஓடையில் அலசி அலசித்தான் கொடுப்பாள். அந்தப் புல்லுக்கே சளி பிடித்திருக்கும்!

யானைக் குட்டிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. புல் தின்னப் பழகும் வயதில் தாய் போடும் சாணத்தையும், அதாவது லத்தியையும், கொஞ்சம் தின்னும். மொட்டுவும் ஒருநாள் ஆசையாகத் துதிக்கையை நீட்டினாள்.

"சீச்சீ! தொடாதே!" என்று அலறினாள் அலங்காரி.

அவள் தங்கை பவானி சிரித்தாள். "அக்கா, நீயும் நானும் அதைத் தின்னுதானே வளர்ந்தோம்!"

"நீ தின்னிருப்பே! என் பொண்ணு தின்னமாட்டா!"

கோடை வந்தது. கொன்றை பூத்து, மஞ்சள் தூள் காற்றில் பறந்தது. பவானியின் மகன் அதில் புரண்டு விளையாடினான். மொட்டுவுக்கோ நெஞ்சு அடைத்தது. கொர்... கொர்... என்று இழுத்தது. பார்க்கவே பாவமாக இருந்தது.

ஓடையும் வற்றத் தொடங்கியது. மலையைத் தாண்டினால்தான் ஆறு. மொட்டுவால் நாலடிகூட ஏற முடியவில்லை.

"எல்லாம் இந்தப் பாழாப்போன பூவால!" அலங்காரி கொன்றை மரத்தை முட்டினாள். தூள் இன்னும் கொட்டியது. மொட்டு சுருண்டு விழுந்தாள்.

பவானி குறுக்கே வந்து நின்றாள். "நிறுத்துக்கா! இதே தூள்தானே என் பிள்ளை தலையிலும் கொட்டுது? அவன் நல்லாத்தானே இருக்கான்?"

அலங்காரி திகைத்தாள். "அப்போ என் பொண்ணுக்கு மட்டும் என்னடி குறை?"

"அவ வயித்துல குடியிருக்க ஆளில்லே! லத்தியில கண்ணுக்குத் தெரியாத சின்ன உயிருங்க இருக்கு. அதுங்க வயித்துக்குள்ள இருந்தாத்தான் எது பகை, எது வெறும் தூசின்னு உடம்பு பழகும். நீ வாசலையே அடைச்சுட்டே. அவ உடம்பு பூவைப் பார்த்தே போருக்குக் கிளம்புது!"

அலங்காரி கண் கலங்கினாள். தன் லத்தியை மகள் முன் தள்ளினாள்.

"நீதானேம்மா சீச்சீன்னு சொன்னே?"

"சொன்னது இந்த வாய்தான் கண்ணு. அது தப்புன்னு சொல்றதும் இதே வாய்தான். தின்னு!"

மொட்டு தின்றாள். ஆனால் ஒரே நாளில் எதுவும் மாறிவிடவில்லை. மொட்டுவை விட்டுப் போக யாருக்கும் மனம் வரவில்லை. கூட்டமே தங்கிவிட்டது. ஓடை மணலைத் தோண்டி, ஊறிய நீரைப் பங்கிட்டுக் குடித்து, எலும்பும் தோலுமாக மழையைக் கண்டார்கள். இன்னொரு கோடையை அப்படித் தாங்க முடியாது.

அடுத்த கோடையும் வந்தது. கொன்றை பூத்தது. மொட்டு நேரே மரத்தடிக்குப் போனாள். தலையெல்லாம் மஞ்சள்!

"அச்!"

ஒரே ஒரு தும்மல். கூட்டம் அசையாமல் நின்றது. மொட்டு மூச்சை நெஞ்சு நிறைய இழுத்து, காடே அதிரப் பிளிறினாள்.

"முதல்ல உச்சிக்குப் போறது யாரு?"

கேட்டவளே ஓடினாள். கூட்டம் ஆரவாரத்தோடு பின்னால் ஏறியது. உச்சியில் முதலில் நின்று, கீழே மின்னும் ஆற்றைப் பார்த்தவள் மொட்டுதான்!

"மெதுவாப் போடி! எனக்கு மூச்சு வாங்குது!" என்று கத்தினாள் அலங்காரி, ஆனந்தக் கண்ணீரோடு.

கண்ணுக்குத் தெரியாத நண்பர்களையும் கழுவித் துரத்தினால், பூவின் தூள்கூடப் பகையாகிவிடும்.