முத்தையாவின் வாரிசுகள்

வெள்ளக்கரடு என்ற ஊரில், மாட்டுச்சந்தைக்குப் பின்னால், ஜன்னல் வைக்காத கட்டடம் ஒன்று இருக்கிறது. வெள்ளைக்காரர் காலத்தில் கட்டியது. வாசல் நிலைக்கு மேலே ஒரு கவராயமும் ஒரு மூலைமட்டமும் கல்லில் செதுக்கியிருக்கும். ஃப்ரீமேசன் சங்கம் என்று பெயர். உள்ளே என்ன நடக்கிறது என்று ஊரில் யாருக்கும் தெரியாது. உள்ளே போய்வருகிறவர்களுக்கும் தெரியாது. அந்த ரகசியம் நூறு வருஷமாக வெளியே கசியாமல் இருப்பதற்கு அதுதான் காரணம்.

சங்கத்தில் மிஞ்சியது ஐந்து பேர். மண்டபத்தின் கிழக்குச் சுவரை ஒட்டி ஒரு பெரிய நாற்காலி உண்டு, தலைவர் அமர்வது. போன தை மாதம் பழைய தலைவர் காலமானார். அடுத்து அமர வேண்டியவர் செங்கோடன். லாரி எடைமேடை வைத்திருக்கிறார். பதினொரு வருஷமாக அந்த நாற்காலிக்குப் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்து, வாரம் தவறாமல் அதன் கைப்பிடியைத் துடைத்து வந்தவர். ஆளில்லாத சமயத்தில்கூட ஒரு தடவை உட்கார்ந்து பார்த்ததில்லை. முறைப்படி அமர்த்தப்படாமல் அமரக் கூடாது என்று விதி.

அமர்த்தும் நாள் நெருங்கியபோது தலைமைச் சங்கத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. நமது சகோதரத்துவம் எங்கே, எப்போது தோன்றியது என்று ஒரு கட்டுரை தட்டச்சில் தயாராக வேண்டும். ஆதாரம் வேண்டும். உறுப்பினர் அனைவரும் ஒருமனதாக ஏற்க வேண்டும். உறுப்பினர் அல்லாத எவர் கண்ணிலும் காதிலும் அது படக் கூடாது. உறையில் முத்திரையிட்டு, ஆய்வாளர் வரும் நாளில் அவர் முன்னால்தான் பிரிக்க வேண்டும். கட்டுரை சரியாக இருந்தால் செங்கோடனை அவரே நாற்காலியில் அமர்த்துவார். இல்லாவிட்டால் சங்கம் மூடப்படும். நாற்காலி லாரியேறி மாவட்டத் தலைநகருக்குப் போய்விடும்.

"இவ்வளவுதானுங்களே? எங்க தோணுச்சுன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துட்டா முடிஞ்சுது" என்றார் செங்கோடன்.

அந்த ஒரு வரியைப் பேசத்தான் ஞாயிற்றுக்கிழமை கூடினார்கள். மண்டபத்துக்குள் யார் யாரைக் கூப்பிட்டாலும் 'பிரதர்' என்றுதான் கூப்பிட வேண்டும். திட்டுவதற்கும் அதே விதிதான்.

முதலில் எழுந்தவர் தேவசகாயம். சவப்பெட்டிக் கடை வைத்திருப்பவர். "சாலமோன் ராஜா எருசலேம்ல கோயில் கட்டினாரு பிரதர். அங்க தலைமைச் சிற்பிகிட்ட ஒரு ரகசியம் இருந்துச்சு. சொல்லுன்னு மூணு கூலியாளுங்க மடக்கினானுங்க. அவரு சொல்லலை. அடிச்சே கொன்னுட்டானுங்க. அங்கதான் நம்ம சங்கம் ஆரம்பம்."

"சொல்லாமயே செத்துட்டார்னா, அந்த ரகசியம் நமக்கு எப்படி வந்துச்சு பிரதர்?" என்று கேட்டார் சிமெண்ட் கடை நாச்சிமுத்து.

"வரலை. அதனாலதான் நமக்குத் தெரியலை."

இதை யாராலும் மறுக்க முடியவில்லை. ஆனாலும் நாச்சிமுத்து விடவில்லை. "ஐரோப்பால பெரிய பெரிய சர்ச்செல்லாம் கட்டின கொத்தனாருங்க ஆரம்பிச்சது இது. ஒரு ஊர்ல வேலை முடிஞ்சு அடுத்த ஊருக்குப் போனா, நான் தொழில் தெரிஞ்சவன்னு காட்ட ஒரு சைகை வெச்சிருந்தாங்க."

"கரண்டியைக் கையில குடுத்தா ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சுபோவும். அதுக்கு எதுக்குங்க பிரதர் சைகை?" என்றார் மெஸ் நடத்தும் கேசவராவ்.

மாணிக்கவேலு கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை வாடகைக்கு விடுகிறவர். அவர் கட்சி வேறு. "சிலுவைப்போர்ல சண்டை போட்ட குதிரை வீரருங்க பிரதர். பிரான்சு ராஜா அவங்களைப் பிடிச்சு எரிச்சாரு. தப்பிச்சவங்க ஒளிஞ்சு திரிஞ்சு உண்டாக்கினதுதான் நம்ம சங்கம். அவங்க முத்திரையைப் பாருங்க, ஒரே குதிரை மேல ரெண்டு பேர்."

"ரெண்டு பேரா?"

"குதிரை பத்தலை. முகூர்த்த நாளா இருந்திருக்கும்."

கேசவராவ் கடைசியாகப் பேசினார். "நீங்க எல்லாம் ரொம்ப தூரம் போறீங்க. ஆயிரத்தி எழுநூத்திப் பதினேழு. லண்டன்ல ஒரு சாப்பாட்டுக் கடை. நாலு சங்கத்து ஆளுங்க ஒண்ணா உட்கார்ந்தாங்க. எந்திரிக்கறப்ப ஒரே சங்கம்."

"அது சேர்ந்தது பிரதர். தோணினது இல்லை."

"வெறும் வயித்துல என்ன பிரதர் தோணும்?"

ஒவ்வொருவருக்கும் வரலாறு அவரவர் கடை வாசலில்தான் தொடங்கியது. இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. என் வம்சக் கதையை எழுதச் சொன்னால் நான் எந்த வாசலில் தொடங்குவேன் என்று யோசித்தேன். சிரிப்பு நின்றுவிட்டது.

செங்கோடனுக்கு எந்தக் கட்சியும் இல்லை. நாற்காலி போதும். "அடுத்த ஞாயித்துக்கிழமை ஆளுக்கொரு ஆதாரம் கொண்டாங்க" என்று கூட்டத்தை முடித்தார்.

அடுத்த ஞாயிறு தேவசகாயம் ஒரு சவப்பெட்டியோடு வந்தார். ஆறேகால் அடி நீளம். "சிற்பியோட அளவு" என்றார். "அவரு உசரம் உமக்கு எப்படித் தெரியும் பிரதர்?" என்று கேட்டதற்கு, "பெட்டியை அளந்து பாருங்களேன்" என்றார். அளந்து பார்த்தார்கள். சரியாக இருந்தது.

நாச்சிமுத்து தூக்குக்குண்டு கொண்டுவந்து மண்டபத்துச் சுவரில் பிடித்துக் காட்டினார். சுவர் இரண்டு அங்குலம் சாய்ந்திருந்தது. "பாத்தீங்களா? ஆரம்பத்துல சங்கத்துல இருந்தது கொத்தனாருங்க. அப்புறம் தொழில் தெரியாத துரைமாருங்க உள்ள பூந்துட்டாங்க. அவங்க கட்டினதுதான் இந்தச் சுவரு." ஆதாரம் பலமாக இருந்ததால் எல்லோரும் அந்தச் சுவரை விட்டுத் தள்ளி உட்கார்ந்தார்கள்.

மாணிக்கவேலு குதிரையைக் கொண்டுவந்தார். மின்னல் என்று பெயர், நிதானமான குதிரை. வாசலில் அன்று வாள் பிடித்துக் காவல் நிற்கும் முறை கேசவராவுடையது.

"ரகசியச் சொல் சொல்லாம யாரையும் உள்ள விட மாட்டேன்."

"குதிரை எப்படிச் சொல்லும் பிரதர்?"

"அது அதோட கஷ்டம்."

அரைமணி நேர விவாதத்துக்குப் பிறகு ஒரு வழி பிறந்தது. குதிரையை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டால் உள்ளே விடலாம். ஆணாக இருக்க வேண்டும் என்ற விதியை மட்டும் குனிந்து சரிபார்த்தார்கள். புதிதாகச் சேர்பவரின் கண்ணைக் கட்டி, கழுத்தில் கயிறு போட்டு, மண்டபத்தை மூன்று சுற்று அழைத்துவருவது வழக்கம். கயிறு ஏற்கெனவே இருந்தது. இடது முழங்கால் வெளியே தெரிய வேண்டும். குதிரைக்கு நான்குமே தெரிந்தன. "உள்ளே நடப்பதை வெளியே சொல்ல மாட்டேன் என்று உறுதி கூறுகிறாயா?" என்று செங்கோடன் கேட்டார். மின்னல் ஒன்றும் சொல்லவில்லை. அந்தச் சங்கத்தின் வரலாற்றில் உறுதிமொழியை அவ்வளவு சுத்தமாகக் காப்பாற்றியவர் வேறு யாரும் இல்லை.

கேசவராவ் தன் ஆதாரமாகக் கொண்டுவந்த மெதுவடையை அந்தச் சமயத்தில் புது உறுப்பினர் தின்றுவிட்டார்.

ஆக, ஒருமனது என்பது இப்போது ஆறு மனதாகிவிட்டது. செங்கோடன் முக்காலியில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணா, அழுவாதீங்க" என்றார் நாச்சிமுத்து. பதற்றத்தில் பிரதர் விட்டுப்போயிற்று. "நாலு கதையையும் ஒண்ணாக் கோத்து டைப் அடிச்சுரலாம். யாருக்கும் மனத்தாங்கல் இருக்காது."

டைப் அடிப்பவர் யார்? தாலுகா ஆபீஸ் எதிரில் வேப்பமரத்தடியில் இருபத்தாறு வருஷமாக மனு அடித்துக்கொடுக்கும் அய்யாக்கண்ணு. ஆனால் அவர் உறுப்பினர் இல்லை. அவர் கண்ணிலும் காதிலும் விஷயம் படக் கூடாது.

"கண்ணைக் கட்டிரலாம்" என்றார் மாணிக்கவேலு.

"காதுக்கு?"

"பஞ்சு."

அய்யாக்கண்ணு மறுப்புச் சொல்லவில்லை. தாலுகா ஆபீஸ் வாசலில் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்திருந்தவருக்கு எதுவும் புதுமையாகத் தெரிவதில்லை. மிஷினோடு மண்டபத்து வாசலுக்கு வந்தார். கண்ணைக் கட்டினார்கள். காதில் பஞ்சு அடைத்தார்கள். நான்கு பேரும் சுற்றி நின்று எருசலேமையும் ஐரோப்பாவையும் பிரான்சையும் லண்டனையும் மாறி மாறிச் சொன்னார்கள். செங்கோடன் தோளைத் தட்டியதும் அய்யாக்கண்ணு அடிக்கத் தொடங்கினார். தயக்கமே இல்லை, விரல்கள் பறந்தன.

"என்ன வேகம் பாருங்க" என்றார் தேவசகாயம் வியப்போடு. "நாம சொல்றதுக்கு முன்னாடியே அடிக்கறாரு."

காகிதத்தை உருவி, படிக்காமல் மடித்து, உறையிலிட்டு அரக்கு வைத்தார்கள். ஆய்வாளர் முன்னால்தான் பிரிக்க வேண்டும் என்றால், முன்கூட்டிப் பார்ப்பதும் தப்புதானே.

ஆய்வாளர் வந்தார். பத்திரப்பதிவுத் துறையில் முப்பத்து மூன்று வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். நாற்காலிக்கு மாலை போட்டிருந்தார்கள். செங்கோடன் வெள்ளைக் கையுறை மாட்டி, வியர்வையோடு நின்றார். ஆய்வாளர் குதிரையைப் பார்த்தார். உறுப்பினர் பதிவேட்டைப் பார்த்தார். பெயர் இருந்ததால் மேலே ஒன்றும் கேட்கவில்லை. உறையைப் பிரித்து உரக்கப் படித்தார்.

"பெறுநர், உயர்திரு வட்டாட்சியர் அவர்கள். பொருள்: பட்டா மாறுதல் கோருதல் தொடர்பாக. ஐயா, வணக்கம். தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்வது யாதெனில், என் பாட்டனார் முத்தையா காலந்தொட்டு எங்கள் அனுபவத்தில் இருந்துவரும் இடத்துக்குக் கிழக்கே வண்டிப்பாதை, தெற்கே டீக்கடை. மேற்படி முத்தையா காலமான பின், அக்கம்பக்கத்தார் மூவர் சேர்ந்து எல்லைக்கல்லைப் பிடுங்கிப் போட்டுவிட்டார்கள். கல் இருந்த இடம் தற்போது எவருக்கும் தெரியவில்லை. வாரிசுச் சான்றிதழ் இணைத்துள்ளேன். ஆவன செய்ய வேண்டுகிறேன்."

மண்டபத்தில் ஈ பறக்கும் சத்தம் கேட்டது. அது குதிரையைச் சுற்றிய ஈ.

தேவசகாயம்தான் முதலில் வாய் திறந்தார். கண் கலங்கியிருந்தது. "மூணு பேர். அதே மூணு பேர்."

"கல்லு" என்றார் நாச்சிமுத்து. "கல்லைத்தானுங்க நான் ஆரம்பத்துலேர்ந்து சொல்றேன்."

"வண்டிப்பாதைன்னு வருதே. குதிரை இல்லாம வண்டி ஏது?" என்றார் மாணிக்கவேலு.

கேசவராவ் அடக்கமாகச் சொன்னார்: "டீக்கடை. அதுக்கு மேல நான் ஒண்ணும் பேச விரும்பலை."

"கிழக்கேன்னு முதல்லயே போட்டிருக்குது" என்றார் செங்கோடன், நாற்காலியைப் பார்த்தபடி.

"அனைவரும் ஏற்கிறீர்களா?" என்றார் ஆய்வாளர். ஐந்து கை உயர்ந்தது. ஈ மூக்கில் உட்கார்ந்ததால் மின்னலும் தலையை ஆட்டியது. ஃப்ரீமேசன் சகோதரத்துவத்தின் தோற்றம் பற்றி உலகத்தில் முதன்முறையாக ஒருமனதான முடிவு எட்டப்பட்டது. ஆய்வாளருக்கும் மகிழ்ச்சிதான். எத்தனையோ சங்கங்களில் எத்தனையோ கட்டுரை கேட்டிருக்கிறார். இவ்வளவு முறையாக, பெறுநர், பொருள் எல்லாம் போட்டு யாரும் எழுதியதில்லை.

செங்கோடன் நாற்காலியை நோக்கி ஒரு அடி எடுத்துவைத்தார்.

"கொஞ்சம் பொறுங்க" என்றார் ஆய்வாளர். "வாரிசுச் சான்றிதழ் இணைத்துள்ளேன்னு இருக்கு. இணைப்பைக் காணோமே?"

உறையைத் தட்டிப் பார்த்தார்கள். இல்லை.

"அதை வாங்கி அனுப்புங்க. வந்த அன்னிக்கே வந்து உங்களை உட்கார வைக்கிறேன். அதுவரைக்கும் கோப்பு நிலுவையில இருக்கும். நிலுவையில இருக்கற சங்கத்தை யாரும் மூட முடியாது."

மறுநாள் காலை ஐவரும் தாலுகா ஆபீசுக்குப் போனார்கள். வாரிசுச் சான்றிதழ்ப் பிரிவில் ஒரு அம்மாள் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தார்.

"இறந்தவர் பேரு?"

"முத்தையாங்க."

"எப்ப இறந்தாரு?"

"கிறிஸ்து பொறக்கறதுக்குத் தொள்ளாயிரத்தம்பது வருஷம் முன்னாடி" என்றார் தேவசகாயம்.

"ஆயிரத்து முந்நூத்திப் பதினாலு. தீ விபத்து" என்றார் மாணிக்கவேலு.

"சாரம் சரிஞ்சுதானுங்க செத்திருப்பாரு. வருஷம் சரியாத் தெரியலை" என்றார் நாச்சிமுத்து.

"அவரு சாகலை. சாப்பிட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டாரு" என்றார் கேசவராவ்.

அந்த அம்மாள் தலை நிமிரவில்லை. "ஒரே ஆளு மூணு தடவை செத்திருந்தா மூணு விண்ணப்பம் தனித்தனியாக் குடுக்கணும். ஒரே ஃபாரத்துல போட்டா சிஸ்டம் எடுக்காது. வாரிசு எத்தனை பேரு?"

செங்கோடன் தொண்டையைச் செருமினார். "உலகம் பூராச் சேர்த்து ஒரு நாப்பது லட்சம் வருமுங்க."

"எல்லாரும் நேர்ல வந்து கையெழுத்துப் போடணும். செவ்வாய், வியாழன் மட்டுந்தான். ஒரு நாளைக்கு நாப்பது டோக்கன். அடுத்த ஆளு வாங்க."

மற்ற நால்வரும் முகம் வாடி வெளியே வந்தார்கள். செங்கோடன் மட்டும் படியில் உட்கார்ந்து, எடைச்சீட்டின் பின்பக்கத்தில் வாரத்துக்கு எண்பது டோக்கன் என்று கணக்குப் போட்டார். மறுபடி போட்டுச் சரிபார்த்தார். மெல்ல அவர் முகம் தெளிந்தது. பதினொரு வருஷமாக இன்றைக்கு, நாளைக்கு என்று சொல்லிவந்தார்களே தவிர, யாரும் அவருக்குத் திட்டமாக ஒரு நாள் குறித்துச் சொன்னதில்லை. இப்போது நாள் தெரிந்துவிட்டது.

நேரே கடைவீதிக்கு நடந்து, தையல்காரர் கடையில் நாற்காலியேறும் விழாவுக்குக் கறுப்புக் கோட்டுக்கு அளவு கொடுத்தார்.

"எப்பங்க வேணும்?" என்றார் தையல்காரர்.

"தொள்ளாயிரத்து அறுபத்தோரு வருஷம் இருக்குதுங்க. அதுக்குள்ள குடுத்தாப் போதும்."

தையல்காரர் சுவரில் வரிசையாகத் தொங்கிய ஜாக்கெட்டுகளைப் பார்த்தார். நாட்காட்டியைப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"உறுதியாச் சொல்ல முடியாதுங்க" என்றார். "இப்பக் கல்யாண சீசன்."