தகரம் மூடும் முன்

"சத்தம் வருதுங்க மாஸ்டர்" என்று ராயப்பன் முன்னால் வந்து நின்று சொன்னாள் சாந்தாமணி.

"எங்க?"

"எல்லாப் பக்கமும்."

ராயப்பன் கையிலிருந்த உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டு மறுபடி அவள் வாயைப் பார்த்தார்.

"எனக்குக் கேக்கலியே அக்கா."

அவருக்குக் கேட்காது. சிறு வயதிலிருந்து தகரம் அடித்த காது. இடது காதுக்குப் பக்கத்தில் போய்க் கத்தினால் கொஞ்சம் கேட்கும். மற்றபடி உதட்டைப் பார்த்துத்தான் பேச்சு.

கரூருக்கு வெளியே, பஸ் பாடி கட்டும் கொட்டகைகளுக்கு நடுவில் இருந்தது அவர் பட்டறை. மற்றவர்கள் புது பஸ்ஸுக்கு உடம்பு கட்டினார்கள். அவர் பழைய கார்களுக்குக் கட்டினார்.

அந்தக் காலத்துக் கார்களில் வெளியே தெரிவது தகரம். உள்ளே அதைத் தாங்கிக்கொண்டிருப்பது மரம். கரையான் தின்றது போக மிச்சமிருப்பதை அளவுக்கு வைத்துக்கொண்டு, அதேபோல் புது மரம் செதுக்கி, பூட்டி, சக்கரம் பூட்டிய இரும்பு சேஸின் மேல் உட்கார வைத்து, பழைய தகரத்தைத் திரும்பப் போர்த்த வேண்டும்.

சாந்தாமணி அங்கே சீட் தைக்க வந்தவள். உளியைப் பிடித்தது நாற்பது வயதுக்கு மேல். ராயப்பனைவிட மூத்தவள். அவர் அவளை அக்கா என்பார். அவள் அவரை மாஸ்டர் என்பாள்.

வீட்டைப் பூட்டிவிட்டுப் பாதி வழி வந்து, பூட்டினோமா என்று திரும்பிப் போய்ப் பார்க்கிறவள் அவள்.

முழுதாக அவள் பொறுப்பில் விட்ட முதல் கார் இது.

பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. மரச்சட்டம் முடிந்ததும் தகரம் போடாமல், வெறும் எலும்பாகவே, குண்டும் குழியுமான சூளை ரோட்டில் ஓட்டிப் பார்ப்பார்கள். திரும்பி வந்ததும் மரத்தைச் சேர்த்தவர் "மூடலாம்" என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் டிங்கர் நாட்ராயன் தகரத்தைத் தூக்குவான். வேறு யார் சொன்னாலும் தூக்க மாட்டான். மாஸ்டர் சொன்னாலும் மாட்டான்.

ஓட்டிப் பார்த்துத் திரும்பி வந்தும் சாந்தாமணிக்கு அந்த ஒரு சொல் வாயில் வரவில்லை.

"நீங்களே சொல்லிருங்க மாஸ்டர்."

"மரத்தைச் சேர்த்தது யாரு?"

"நாந்தான்."

"உள்ள என்ன இருக்குதுன்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்குத்தான். அதனாலதானுங்க பயமா இருக்குது."

ராயப்பன் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு தன் வேலையைப் பார்த்தார்.

*

கார் பல் டாக்டர் கிருபாகரனுடையது. ஞாயிற்றுக்கிழமை வந்து, காரைச் சுற்றி நடந்தார்.

"போன தடவை எப்படிப் பார்த்தேனோ அப்படியே இருக்கே."

"சத்தம் வருதுங்க சார்" என்றாள் சாந்தாமணி.

"உங்களுக்குத்தாம்மா வருது. மாஸ்டர் ஒண்ணும் இல்லங்கறாரு."

"அவருக்குக் காது கேக்காதுங்களே."

டாக்டர் சிரிக்கவில்லை.

"இங்க பாருங்க. வெள்ளிக்கிழமை வருவேன். அன்னைக்கும் இப்படியே நின்னா லாரியில ஏத்திட்டுப் போயிடுவேன். வேற ஒருத்தர் இரும்புக் குழாயை வளைச்சு வெல்டு வெச்சு, தகரத்தை அதுமேலயே போட்டுத் தர்றேங்கறாரு. மரமே வேண்டாமாம்."

"அப்ப இந்த மரத்தை என்ன பண்ணுவாருங்க?"

"என்ன பண்ணுவாரு. அடுப்புக்குப் போகும்."

அவர் போன பிறகு சாந்தாமணி சட்டத்தைத் தடவிக்கொண்டே நின்றாள். தேக்கு. ஒவ்வொரு வளைவும் அவள் இழைத்தது.

டிபன் பாக்ஸைத் திறந்தாள். மூடி வைத்தாள்.

*

அடுத்த நாளிலிருந்து அவள் சத்தத்தைத் துரத்தினாள்.

நாட்ராயன் ஓட்டினான். பின்னால் குறுக்காகப் போட்ட பலகையில் உட்கார்ந்து அவள் காதைத் தீட்டிக்கொண்டாள்.

கூரையில்லை, கதவுக்குத் தகரமில்லை. வெறும் மரக்கூடு, நடுவில் ஒரு பெண். டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள்.

"ஏனக்கா, தகரத்தை ஆடு தின்னுபோடுச்சா?"

"கோழிக்கூண்டுக்கு எஞ்சின் வெச்சிருக்கறாங்கடா."

"உள்ள இருக்கறது நாட்டுக்கோழிங்களா, பிராய்லருங்களா?" என்று ஒருவர் நாட்ராயனிடம் கேட்டார்.

"நாட்டுக்கோழிதானுங்க. கொத்தும், தள்ளி நில்லுங்க" என்றான் நாட்ராயன்.

சாந்தாமணிக்கு அது எதுவும் காதில் ஏறவில்லை. முன்பக்கம், கண்ணாடிச் சட்டத்துக்கு அடியில், கிறீச்.

பட்டறைக்கு வந்ததும் மரம் சேரும் அந்த மூட்டைக் கழற்றி, பசையை நிறைய ஊற்றி, திருகாணியை இறுக்கினாள்.

மறுபடி ஓட்டினார்கள். முன்பக்கம் சத்தம் நின்றுவிட்டது. பின்பக்கம் வந்தது.

பின்பக்க மூலைகளில் இரும்புப் பட்டை வைத்து முடுக்கினாள்.

கதவுப் பக்கம் வந்தது.

ராயப்பன் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவள் கேட்ட பட்டையை எடுத்துக் கொடுத்தார். ஒரு தடவை மட்டும் கேட்டார்.

"முன்னாடி இருந்தது எங்க போச்சு?"

"பின்னால போச்சுங்க."

"பின்னால இருந்தது?"

"கதவுக்குப் போயிருச்சுங்க."

"பார்த்துக்கங்க அக்கா. கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போயிரப் போகுது."

அவர் கேலி செய்கிறார் என்று நினைத்தாள் அவள். காது கேட்காதவருக்குக் கேலி எளிது.

*

கடைசிச் சத்தம் அடியிலிருந்து வந்தது.

மரச்சட்டம் இரும்பு சேஸின்மேல் உட்காரும் இடங்களில், இரண்டுக்கும் நடுவே தோல் துண்டு வைப்பார்கள். முதலில் காரைக் கட்டிய வெள்ளைக்காரனும் வைத்திருந்தான். கழற்றியபோது அது கருவாடு மாதிரி கிடந்தது. சாந்தாமணி அதே அளவில் புதுத்தோல் வெட்டி வைத்திருந்தாள்.

அந்தத் தோல்தான் முனகியது.

தோலை உருவி எறிந்தாள். மரத்தை நேராக இரும்பின்மேல் உட்கார வைத்தாள். ஸ்பானரின் வாலில் நீளமான குழாயைச் செருகி, இனி நகராது என்கிற வரைக்கும் போல்ட்டை முறுக்கினாள். வேர்வை கண்ணில் இறங்கியது.

டீக்கடை வரை ஓட்டினார்கள். சத்தமில்லை.

தண்டவாளத்தைத் தாண்டினார்கள். சத்தமில்லை.

நாட்ராயன் திரும்பிப் பார்த்தான். "என்னக்கா, செத்தவங்க வீட்டாட்டம் இருக்குது?"

"வாயைக் கழுவு. மாஸ்டரைக் கூட்டிட்டு வரலாம் திருப்பு."

*

ராயப்பன் பலகையில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நடுத்தூணில், முன்கதவும் பின்கதவும் சேரும் மரத்தில், உள்ளங்கையை வைத்துக்கொண்டார்.

"இப்பக் கேக்குதுங்களா?" என்று சாந்தாமணி அவருடைய இடது காதில் கத்தினாள். பல நாளைக்குப் பிறகு அவள் சிரித்தாள்.

சூளை ரோடு தொடங்கியது. செங்கல் லாரிகள் போய்ப் போய் நொறுங்கிய ரோடு. முன் சக்கரம் ஒரு குழியில் இறங்கியது. பின் சக்கரம் கல்லில் ஏறியது.

ராயப்பன் சட்டென்று கையை எடுத்தார்.

அதற்குப் பிறகுதான் அவளுக்குச் சத்தம் கேட்டது. ஒரே ஒரு சத்தம். தேங்காய் உடைத்தது போல.

நடுத்தூண் அடியிலிருந்து முழங்கால் உயரத்துக்குப் பிளந்திருந்தது.

நாட்ராயன் வண்டியை நிறுத்தினான். சாந்தாமணி இறங்கி ரோட்டோரத்தில் உட்கார்ந்தாள்.

"ஒரு சத்தங்கூட இல்லீங்களே மாஸ்டர்."

அவர் அவள் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாத்தையும் இறுக்கிப் போட்டனே. ஒண்ணு விடாம இறுக்கினனே. அப்புறம் எப்படிங்க?"

"ஏறுங்க அக்கா."

"ஏறி என்ன பண்ண? வெள்ளிக்கிழமை லாரி வந்துரும். அடுப்புக்குத்தானுங்களே போகப் போகுது."

"அதுவரைக்கும் கார்தானே. ஏறுங்க."

ஏறினாள். அவர் குறுக்குப் பலகையை எடுத்துப் பக்கத்தில் சாய்த்தார்.

"நில்லுங்க. எதையும் பிடிக்காதீங்க. முட்டியை நல்லா விறைச்சுக்கங்க. இரும்பாட்டம்."

விறைத்து நின்றாள்.

"நாட்ராயா, போ."

நாட்ராயன் மெதுவாகத்தான் எடுத்தான். முதல் குழியிலேயே அவள் மரம் சாய்வதுபோல் சாய்ந்து மாஸ்டர்மேல் விழுந்தாள். அவர் அவளைத் தாங்கிப் பிடித்து நிமிர்த்தினார்.

"தினமும் டவுன் பஸ்ல நின்னுட்டுத்தானே வர்றீங்க?"

"உக்கார எடம் எங்கீங்க கிடைக்குது."

"அது மாதிரி நில்லுங்க."

மறுபடி நாட்ராயன் எடுத்தான். குழி வந்தது, கல் வந்தது. சாந்தாமணி எதையும் பிடிக்கவில்லை. இப்படி ஆடினாள், அப்படி ஆடினாள். விழவில்லை.

பட்டறை வரைக்கும் நின்றுகொண்டே வந்தாள். டீக்கடையில் யாரோ என்னவோ சொன்னார்கள். நாட்ராயன் நிறுத்தாமல் ஓட்டினான்.

இறங்கியதும் கேட்டாள்.

"போல்ட்டை எவ்வளவு தளர்த்தணுமுங்க மாஸ்டர்?"

"பஸ்ல எவ்வளவு முட்டியை மடக்குவீங்க?"

அவள் யோசித்தாள்.

"அளவெல்லாம் தெரியாதுங்க. அது பாட்டுக்கு மடங்கும்."

ராயப்பன் தலையை ஆட்டிவிட்டு, புதுத்தூணுக்குத் தேக்குக் கட்டை பார்க்கப் போனார்.

*

அவள் பட்டைகளைக் கழற்றினாள். பசை பிடித்த மூட்டுகளை நனைத்துச் சூடு காட்டி, உளியால் பொறுமையாகப் பிரித்தாள். புதுத்தூணை இழைத்தாள். தோல் துண்டுகளை விளக்கெண்ணெயில் ஊற வைத்து, மரத்துக்கும் இரும்புக்கும் நடுவில் திரும்ப வைத்தாள்.

ஸ்பானரில் குழாயைச் செருகவில்லை. கையால் மட்டும் முறுக்கினாள். ஒவ்வொரு போல்ட்டிலும் ஒரு இடம் வந்தது. அதற்கு மேல் கை போக ஆசைப்பட்டது. கையை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

வீட்டுக்குப் போகும் வழியில் பூட்டினோமா என்று சந்தேகம் வந்து, பட்டறைக்குத் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனாள். அது அப்படியே இருந்தது.

*

வெள்ளிக்கிழமை டாக்டர் வந்தார். பின்னாலேயே லாரியும் வந்து வாசலில் நின்றது.

"இன்னும் எலும்பாத்தான் நிக்குது" என்றார்.

"ஓட்டிப் பாருங்க சார்" என்றார் ராயப்பன். "லாரி நிக்கட்டும்."

டாக்டர் ஓட்டினார். சாந்தாமணி அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ராயப்பன் பின்னால். நாட்ராயன் பட்டறை வாசலில், தகரத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, அதற்குப் பக்கத்தில் தானும் சாய்ந்து நின்றான்.

தண்டவாளம் வந்தது. சூளை ரோடு வந்தது. குழியில் இறங்கியது. கல்லில் ஏறியது. சட்டம் அசைந்து கொடுத்தது. அடியிலிருந்து தோல் மெல்ல முனகியது. கதவுப் பக்கம் ஒரு கிறீச், முன்பக்கம் ஒரு கிறீச்.

ஒவ்வொன்றும் சாந்தாமணிக்குக் கேட்டது. மடியில் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ரோடு முடிகிற இடத்தில், சூளைக்கு முன்னால், டாக்டர் வண்டியை நிறுத்தினார். இறங்கி நடுத்தூணைப் பார்த்தார். கதவுகளைத் திறந்து மூடினார். எல்லாம் சுலபமாகத் திறந்தன, சுலபமாக மூடின.

திருப்பி ஓட்டிக்கொண்டு வந்தார். பட்டறை வாசலில் லாரிக்கு முன்னால் நிறுத்தி, எஞ்சினை அணைத்தார்.

கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா முனகுதே."

திரும்பி ராயப்பனைப் பார்த்தார். ராயப்பனோ, லாரியிலிருந்து இறங்கி வந்த டிரைவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் சாந்தாமணி பக்கம் திரும்பினார்.

"முனகுறதை என்ன பண்றதா இருக்கீங்க?"

"மூணு பேரு ஏறி உக்காந்திருக்கறமுங்க" என்றாள் சாந்தாமணி. "அதுக்குத் தெரியாம இருக்குமா? இறங்குங்க சார். மூடணும்."