வண்டிக்கு நிதி உண்டு, டிரைவருக்கு இல்லை

சங்கரன்கோவில் பக்கத்து கிராமங்களிலிருந்து டயாலிசிஸ் நோயாளிகளை ஆஸ்பத்திரிக்கு இலவசமாகக் கூட்டிப்போகும் வேன் ஒன்று இருந்தது. புதிதாக நிதி வராவிட்டால் அடுத்த மாதம் அது நின்றுவிடும். நிதி கொடுக்கலாமா என்று பார்க்க, சென்னை அறக்கட்டளை ஒன்றின் அதிகாரி சுகுமாரன் வந்திருந்தார்.

நோயாளிகளை இறக்கிவிட்டு ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில், பின் சீட்டிலிருந்து அவர் கறாராகச் சொன்னார். "வண்டியும் டீசலும் திட்டச் செலவு. அதைக் கொடுப்போம். டிரைவர் சம்பளம் நிர்வாகச் செலவு. அதுக்கு எங்க ரூல்படி ஒரு பைசா கிடையாது."

"அப்படிங்களா சார்" என்ற டிரைவர் இருதயராஜ், வேனை ஓரங்கட்டினார். இறங்கி வந்து பின் சீட்டில் சுகுமாரன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"என்னய்யா பண்றே? எனக்கு மூணு மணிக்கு ரயில்."

"திட்டம் முன்னாடி தயாரா நிக்குது சார். டீசலும் ஃபுல். நிர்வாகம் எதுக்குக் குறுக்கேன்னு இங்க வந்துட்டேன். நீங்க அதைப் போகச் சொல்லுங்க."

சுகுமாரனுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. கடிகாரத்தைப் பார்த்தார், காலி ஸ்டியரிங்கைப் பார்த்தார். பிறகு படிவத்தை எடுத்து, டிரைவர் சம்பளத்தைத் திட்டச் செலவில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"இப்பவாவது எடுப்பியா?"

"ஒரு நிமிஷம் சார்." இருதயராஜ், காலையில் இறக்கிவிட்ட நோயாளிகளில் ஒருத்தியான செல்லத்தாயிக்குப் போன் போட்டார். "ஆச்சி, அடுத்த மாசமும் வண்டி உண்டு."

"நல்லதுப்பா. வண்டியில அந்த ஏசியை மட்டும் கொஞ்சம் குறைச்சு வை" என்றாள் ஆச்சி.